கேம்பிரிட்ஜைக் காலால் அளக்கலாம், வாங்க!

பிள்ளை ஏ-லெவல் முதல் வருடத்துக்கு வந்தாச்சு. "கேம்பிரிட்ஜுக்குப் போட்டுப் பார்க்கலாமா?" என்ற பேச்சு வீட்டில் அடிபடுகிறது. அப்படியானால் விண்ணப்பம் போடும் முன்னால் ஒரு நாள் ஊரைப் போய்ப் பார்த்துவிடுங்கள், தோழிகளே. ஊர் சின்னது, மேடு பள்ளம் இல்லாத தரை, நடந்தே முடித்துவிடலாம். ஆனால் சுற்றுலா வந்தவர் பார்ப்பது வேறு, நாளைக்கு அங்கே குடியிருக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது வேறு. இரண்டாவது ரகத்துக்கான குறிப்புகள் இவை. முக்கால்வாசி விஷயத்துக்குக் காசே வேண்டாம்.

1. பல்கலைக்கழகத்தின் திறந்த நாள் வழக்கமாக ஜூலையில் வரும். கல்லூரிகள் தனித்தனியாக வேறு மாதங்களிலும் நடத்தும். கட்டணம் கிடையாது, ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் அறிவிப்பு வந்ததுமே பதிந்துவிடுங்கள்.

2. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை பரீட்சை நேரம். பல கல்லூரிகள் வெளியாட்களுக்குக் கதவை அடைத்துவிடும். அந்த மாதங்களைத் தவிர்த்தால் அலைச்சல் மிச்சம்.

3. ஊரின் உண்மையான முகம் தெரிய வேண்டுமா? நவம்பரிலோ பிப்ரவரியிலோ ஒரு சாதாரண வார நாளில் போங்கள். பாடம் நடப்பது ஒரு பருவத்துக்கு எட்டே வாரம், வருடத்துக்கு மூன்று பருவம். ஆகஸ்டில் போனால் பார்ப்பதெல்லாம் சுற்றுலாப் பயணிகளைத்தான்.

4. லண்டனிலிருந்து இரண்டு வழி. கிங்ஸ் கிராஸில் வேக ரயில் பிடித்தால் ஐம்பது நிமிடம் சொச்சம். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், டாட்டன்ஹாம் ஹேலிலும் ஏறலாம். லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயிலை ஓட்டும் கம்பெனியின் ரயிலில் மட்டும் செல்லும் டிக்கெட் பெரும்பாலும் மலிவு. அவசரமில்லாத நாளில் அதையே எடுங்கள்.

5. பிள்ளைக்கு 16 அல்லது 17 வயதென்றால் அந்த வயதுக்கென்றே இருக்கும் சேவர் அட்டையில் பாதி விலை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் குரூப்சேவில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதற்கு அட்டைகூட வாங்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் அழைத்துப் போவதற்கு இது ஒரு நல்ல சாக்கு!

6. லண்டனில் பழகிய கையோடு ஆய்ஸ்டர் அட்டையைத் தட்டிவிட்டு ஏறாதீர்கள். கேம்பிரிட்ஜ்வரை அது செல்லாது. டிக்கெட் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

7. விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறவர்களுக்கு நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச் வசதி. பார்க்சைட் என்ற இடத்தில் இறக்கிவிடும். ரயில் நிலையத்தைவிட அது ஊர் நடுவுக்குப் பக்கம்.

8. காரில் வந்தால் நடு ஊருக்குள் நுழையவே நுழையாதீர்கள். பார்க்கிங் கட்டணம் கையைக் கடிக்கும், பாதித் தெருக்களில் கார் போகவும் முடியாது. ஊரைச் சுற்றி ஐந்து பார்க் அண்ட் ரைடு நிலையங்கள் இருக்கின்றன. வண்டியை விட்டுவிட்டு பஸ் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதும்.

9. ரயிலில் 'கேம்பிரிட்ஜ் நார்த்' என்று வேறொரு நிலையமும் உண்டு, 2017-ல் திறந்தது. நீங்கள் இறங்க வேண்டியது வெறும் 'கேம்பிரிட்ஜ்'.

10. பழைய நிலையம் 1845-ல் வந்தது. நடு ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. வாசலில் நிற்கும் டாக்ஸியைப் பார்க்காமல் ஸ்டேஷன் ரோடு, ஹில்ஸ் ரோடு என்று நேரே நடங்கள். கத்தோலிக்க தேவாலயத்தின் உயர்ந்த கூம்பு கோபுரம் தெரிந்தால் சரியான பாதைதான். இருபத்தைந்து நிமிடத்தில் கடைத்தெரு. பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு பருவத்துக்கு இரண்டு தடவை நடக்கப் போகிற தூரமும் இதுதானே, இன்றே பழகட்டும்.

11. ஊரின் வரைபடத்தை மனதில் போட்டுக்கொள்ள ஒரு எளிய வழி. தெற்கே லென்ஸ்ஃபீல்டு ரோட்டின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு தெருக்கள் வடக்கே கிளம்பும். கிழக்குத் தெரு ரீஜன்ட், செயின்ட் ஆண்ட்ரூஸ், சிட்னி என்று பெயர் மாறிக்கொண்டே போகும். மேற்குத் தெரு டிரம்பிங்டன், கிங்ஸ் பரேட், டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் என்று நாலு பெயர் எடுக்கும். இரண்டும் வட்டமான பழைய தேவாலயத்தின் பக்கத்தில் ஒன்று சேர்ந்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கவலையில்லை.

12. கிழக்குத் தெருவில் கடைகள், மேற்குத் தெருவில் பழைய கல்லூரிகள், அதற்கும் மேற்கே ஆறு. வழி தவறினால் "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும்.

13. போகும்போது ஒரு தெரு, திரும்பும்போது இன்னொரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை இரண்டு தடவை மிதிக்காமல் ஊர் முழுக்க அடங்கிவிடும்.

14. காலணி விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள். சந்தைச் சதுக்கமும் கல்லூரிச் சந்துகளும் கல் பாவியவை. குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டிக்கொள்ளும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்கள் கிழக்குத் தெருவையே நம்புங்கள்.

15. டிரம்பிங்டன் தெருவின் இரண்டு ஓரமும் மூடியில்லாத கல் வாய்க்கால் ஓடுகிறது. நானூறு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர அமைத்த ஏற்பாட்டைச் சேர்ந்தது. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடைபாதையிலிருந்து இறங்கினால் கால் அதற்குள் போய்விடும், ஜாக்கிரதை.

16. இங்கே காரைவிடச் சைக்கிளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒருவழித் தெருவிலும் பல இடங்களில் சைக்கிள் எதிரே வரலாம், மணிச்சத்தமும் கேட்காது. தெருவைக் கடக்கும் முன்னால் இரண்டு பக்கமும் பாருங்கள்.

17. கட்டுச்சாதம் கொண்டுபோவதில் கூச்சமே வேண்டாம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் கட்டிக்கொண்டால் நாலு பேர் சாப்பாட்டுச் செலவு அப்படியே மிச்சம். கோச் நிற்கும் பார்க்சைடை ஒட்டியே பார்க்கர்ஸ் பீஸ் என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. சாப்பிட அதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தப் புல்வெளிக்குப் பெயர் கொடுத்த எட்வர்ட் பார்க்கர் டிரினிட்டி கல்லூரியின் சமையல்காரர் என்பது கூடுதல் பொருத்தம்!

18. கால்பந்துப் பைத்தியம் பிடித்த தம்பி தங்கைகள் கூட வந்தால் அதே புல்வெளியில் ஒரு ரவுண்டு ஓடவிடுங்கள். இன்றைய கால்பந்து விதிகளுக்கு முன்னோடியான கேம்பிரிட்ஜ் விதிகள் 1848-ல் உருவாகி, இங்கேதான் ஆடப்பட்டன. கல்லூரிக்குள் போகும்போது அவர்கள் அலுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

19. சாதம் கட்ட நேரமில்லையா? சிட்னி தெரு செயின்ஸ்பரீஸில் மீல் டீல் வாங்குங்கள், மாணவர்களும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். சந்தைச் சதுக்கத்தில் தினமும் கடை போடுகிறார்கள். சுடச்சுட ஏதாவது வேண்டுமென்றால் கிங்ஸ் பரேட் உணவகங்களைவிட அங்கே மலிவு.

20. கழிவறைக்காக ஒரு காபி வாங்காதீர்கள். கிராண்ட் ஆர்கேடில் உள்ள ஜான் லூயிஸ் கடை, அடுத்துள்ள மத்திய நூலகம், ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த மூன்றையும் தொட்டுப் போகிற மாதிரி நடையை வகுத்துக்கொள்ளலாம்.

21. கிங்ஸ் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகள் பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும். விண்ணப்பிக்கப் போகும் மாணவருக்கு அப்படி இல்லை, பல கல்லூரிகள் இலவசமாகவே உள்ளே விடும். போர்ட்டர் அறையில், "அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறேன், கொஞ்சம் பார்க்கலாமா?" என்று பிள்ளையே கேட்கட்டும். முந்தின வாரமே கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

22. போர்ட்டர் என்றால் சுமை தூக்குபவர் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி வாசலே அவர் கையில்தான். சாவி, கடிதம், இரவு நேர அவசரம் எல்லாம் அவரிடம் போகும். மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினால் எந்த முற்றத்தைப் பார்க்கலாம், எதற்குள் போகக்கூடாது என்று அவரே சொல்லிவிடுவார்.

23. முற்றத்துப் புல்லை மட்டும் மிதிக்காதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் அது ஃபெல்லோ எனப்படும் கல்லூரி ஆசிரியர்களுக்கு மட்டுமே உரிய சலுகை. படிக்கும் மாணவருக்குக்கூடக் கிடையாது.

24. மொத்தம் 31 கல்லூரிகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டால் மாலையில் எதுவுமே நினைவில் நிற்காது. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, ஊருக்கு வெளியே இருப்பது ஒன்று என மூன்று போதும். பட்டியல் போடும்போது டார்வினும் கிளேர் ஹாலும் மேற்படிப்புக்கு மட்டும், நியூனமும் மர்ரே எட்வர்ட்ஸும் பெண்களுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள்.

25. உள்ளே போனால் சாப்பாட்டுக் கூடத்துக் கூரையை மட்டும் பார்த்து வாயைப் பிளக்காமல், மாணவர் தங்கும் பக்கத்துச் சமையலறையைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். 'ஜிப் ரூம்' என்பார்கள். சில கல்லூரிகளில் நல்ல அடுப்பு இருக்கும், சிலவற்றில் மைக்ரோவேவும் கெட்டிலும்தான். மூன்று வருடமும் கூடத்துச் சாப்பாட்டையே நம்பியிருக்க வேண்டுமா, நாலு நாளைக்கு ஒரு ரசமாவது வைக்க முடியுமா என்பது இதில்தான் தெரியும். வாடகைக்கு அடுத்து நான் பார்ப்பது இதைத்தான்.

26. அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: விடுமுறையில் அறையைக் காலி செய்ய வேண்டுமா, சாமான்களைப் போட்டுவைக்க இடம் தருவார்களா? பல கல்லூரிகளில் பருவம் முடிந்ததும் காலி செய்தாக வேண்டும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை குக்கரையும் போர்வையையும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் சுமப்பது சாதாரண வேலையில்லை.

27. கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பருவ நாட்களில் நடக்கும் மாலை வழிபாட்டுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகலாம்; கொஞ்சம் முன்னதாகப் போய் வரிசையில் நின்றால் சரி. 1446-ல் தொடங்கிய கட்டடத்தின் விசிறிக் கூரையின் கீழ் உட்கார்ந்து புகழ்பெற்ற பாடகர் குழுவைக் கேட்கலாம். படம் எடுக்காமல் செல்போனை அணைத்து வைத்துவிடுங்கள், அது வழிபாட்டு இடம்.

28. அதே தேவாலயத்தின் வெளியழகு மேற்கே குயீன்ஸ் ரோட்டிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். புல்வெளி, ஆறு, அதற்குப் பின்னால் தேவாலயம்; நாள்காட்டியில் வரும் காட்சி இதுதான். குடும்பப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

29. கல்லூரிகளின் பின்புறத்தையும் ஆற்றையும் டிக்கெட் இல்லாமல் பார்க்க கேரட் ஹாஸ்டல் பாலத்துக்குப் போங்கள். டிரினிட்டி ஹால் பக்கத்துச் சந்து வழியாக வரலாம், பொதுப் பாலம். சைக்கிள்கள் சறுக்கிக்கொண்டு வரும், ஓரமாக நில்லுங்கள்.

30. குயீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தை சில்வர் ஸ்ட்ரீட் பாலத்தின் மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 'நியூட்டன் ஆணி இல்லாமல் கட்டியது' என்று யாராவது கதை விட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். பாலம் கட்டியது 1749-ல், நியூட்டன் இறந்தது 1727-ல்.

31. பெனெட் தெரு முனையில் தங்கத் தட்டு மேல் வெட்டுக்கிளி உட்கார்ந்த மாதிரி ஒரு கடிகாரம் இருக்கும். 2008-ல் ஸ்டீபன் ஹாக்கிங் திறந்து வைத்தார். அதைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வேண்டுமென்றே முன்னும் பின்னும் ஓடும்படி செய்திருக்கிறார்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சரியான நேரம் காட்டும்.

32. சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய கிரேட் செயின்ட் மேரீஸ் தேவாலயம்தான் பல்கலைக்கழகத்தின் நடுப்புள்ளி. இளநிலை மாணவர்கள் பருவ நாட்களில் இதிலிருந்து மூன்று மைலுக்குள் குடியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எந்தக் கல்லூரி தூரம், எது பக்கம் என்று கணக்குப் போட இந்த வாசலிலிருந்தே தொடங்குங்கள்.

33. அந்தத் தேவாலயத்தின் கோபுரம் ஏறக் கட்டணம் உண்டு. ஊரை மேலிருந்து பார்த்தால் போதும் என்றால் மாட்லின் பாலம் தாண்டி காசில் ஹில் மண்மேட்டில் ஏறுங்கள், இலவசம். தட்டையான ஊரில் அந்தச் சின்ன மேடே போதுமான உயரம்.

34. டிரினிட்டியின் பெரிய வாசலைச் சாலையிலிருந்தே பாருங்கள். எட்டாம் ஹென்றி சிலையின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால். எந்தக் காலத்து மாணவர் குறும்போ, கல்லூரி அப்படியே விட்டுவிட்டது. வாசலுக்குப் பக்கத்துப் புல்லில் நிற்பது நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்தின் வாரிசு.

35. அந்த வாசலுக்கு நேர் எதிரே, தெருவின் மறுபக்கம் ஹ்யூவெல்ஸ் கோர்ட். நம் கணித மேதை ராமானுஜன் 1914-ல் வந்து, முதலில் செஸ்டர்டன் ரோட்டில் ஒரு பேராசிரியர் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு தங்கியது இதில்தான். சைவச் சாப்பாட்டை விடாமல், அறையிலேயே தானே சமைத்துச் சாப்பிட்டார். அதுவும் யுத்த காலத்தில். அவருடைய 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' 1976-ல் கிடைத்ததும் டிரினிட்டியின் ரென் நூலகத்தில்தான். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளையை இங்கே இரண்டு நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். வானியற்பியலாளர் சந்திரசேகர் ஆராய்ச்சி செய்ததும் இதே கல்லூரியில், சிதம்பரத்தில் பிறந்த உயிரியல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் ஃபெல்லோவாக இருப்பதும் இதே கல்லூரியில்.

36. அறிவியல் படிக்கும் பிள்ளை என்றால் ஃப்ரீ ஸ்கூல் லேனைத் தவறவிடாதீர்கள். பழைய கேவென்டிஷ் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. 1897-ல் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த இடம். மூலை திரும்பினால் ஈகிள் விடுதி, டி.என்.ஏ. அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக 1953-ல் கிரிக் அறிவித்த இடம். உள்ளே போய்ச் செலவழிக்க வேண்டாம், வெளிச்சுவரிலேயே பலகை இருக்கிறது.

37. மழை பிடித்துக்கொண்டால் டவுனிங் தெருவுக்கு ஓடுங்கள். மூன்று அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து, மூன்றும் இலவசம். விலங்கியல் அருங்காட்சியகத்தில் 21 மீட்டர் திமிங்கில எலும்புக்கூடு தலைக்கு மேல் தொங்கும், சின்னப் பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிடுவார்கள்.

38. திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். ஃபிட்ஸ்வில்லியம், விலங்கியல், தொல்லியல் அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. செட்ஜ்விக் மண்ணியல் அருங்காட்சியகம் திறந்திருக்கும், ஆனால் அதற்கு ஞாயிறு விடுமுறை.

39. இனி உங்கள் பயணத்தின் முக்கிய வேலை. பிடித்த கல்லூரி வாசலிலிருந்து பிள்ளையின் பாடத்துறை வாசல்வரை கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்து பாருங்கள். இளநிலை மாணவர்கள் கார் வைத்துக்கொள்ள பொதுவாக அனுமதி இல்லை, ஆகவே நடையோ சைக்கிளோதான். காலை ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு ஐம்பதுக்குக் கிளம்பினால் போதுமா, எட்டரைக்கே கிளம்ப வேண்டுமா என்பது கையேட்டில் இருக்காது.

40. துறைகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சட்டம், வரலாறு, பொருளாதாரம் ஆற்றுக்கு மேற்கே சிட்ஜ்விக் வளாகத்தில். பொறியியல் டிரம்பிங்டன் தெருவில். வேதியியல் லென்ஸ்ஃபீல்டு ரோட்டில். கணிதம் வில்பர்ஃபோர்ஸ் ரோட்டில். இயற்பியலும் கணினியும் ஊருக்கு மேற்கே வெஸ்ட் கேம்பிரிட்ஜில், மருத்துவத்தின் பின்பாதி தெற்கே ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில். முதல் வருடம் எங்கே, கடைசி வருடம் எங்கே என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

41. கர்ட்டன் கல்லூரி ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி. தூரம் என்று தள்ளிவிடுகிறவர்கள் பலர். அமைதியும் இடவசதியும் விரும்பும் பிள்ளைக்கு அதுவே பொருந்தலாம். முடிவு செய்யும் முன் ஒரு தடவை பஸ்ஸில் போய், நடந்து திரும்புங்கள்.

42. மேற்கே உயரமான செங்கல் கோபுரம் தெரிந்தால் அது பல்கலைக்கழக நூலகம். லண்டன் தெருவின் சிவப்பு டெலிபோன் கூண்டை வடிவமைத்த ஸ்காட்தான் இதையும் வடிவமைத்தார். வாசிக்கும் கூடங்களுக்கு அட்டை வேண்டும். கண்காட்சி அறைக்கு வேண்டாம்.

43. டிரினிட்டி தெருவின் ஹெஃபர்ஸ் கடையில் பிள்ளையின் பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள், பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்க வேண்டியிருக்காது, கல்லூரி நூலகத்தில் பெரும்பாலும் கிடைக்கும். பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு செயின்ட் எட்வர்ட்ஸ் சந்தில் 1896-லிருந்து இருக்கும் டேவிட்ஸ் கடை.

44. மில் ரோடு பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பார்க்கர்ஸ் பீஸின் கிழக்கு மூலையில் தொடங்கி ரயில் பாலம் தாண்டிப் போகும் தெரு. ஆசிய மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும். அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலை விலையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் மாதச் செலவுக் கணக்கு வீட்டிலேயே போட்டுவிடலாம்.

45. பாத்திரம், மேசை விளக்கு, குளிர்கோட்டு எதையும் முன்கூட்டி வாங்கி அடுக்காதீர்கள். மில் ரோட்டிலும் பர்லி தெருவிலும் தர்மக் கடைகள் நிறைய. அக்டோபரில் அங்கேயே மலிவாகக் கிடைக்கும், சுமையும் மிச்சம்.

46. ஆற்றங்கரையில் படகுச் சவாரிக்கு ஆள் கூப்பிடுவார்கள். சொல்கிற முதல் விலைக்குத் தலையாட்டாதீர்கள். முன்பே பதிந்தால் பெரும்பாலும் குறைவு. பல கல்லூரிகளுக்குச் சொந்தப் படகே உண்டு என்பதால், இடம் கிடைத்த பிறகு பிள்ளையே உங்களைக் கூட்டிப் போகட்டும்.

47. கல்லூரிப் பெயர் போட்ட சட்டையும் அப்படியே. கிடைக்கும் முன் வாங்கினால் அலமாரியில் கண்ணை உறுத்திக்கொண்டே கிடக்கும், வேண்டாம்!

48. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதைக் காலையில் முடித்துவிட்டு, அருங்காட்சியகத்தை மதியத்துக்கு வையுங்கள். இருட்டிய பின் பிள்ளை நடக்க வேண்டிய வழியில் விளக்கு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம்.

49. ஒரு மணி நேரமாவது பிள்ளையைத் தனியாக விடுங்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆற்றுங்கள், அது தானே வழி கேட்டு, தானே ஒரு மாணவரிடம் பேசிவிட்டு வரட்டும். அம்மா அப்பா பக்கத்தில் நின்றால் எந்த மாணவரும் வாடகையையும் தூக்கமில்லாத இரவையும் பற்றி மனம்விட்டுப் பேசமாட்டார்.

50. நேர்முகத் தேர்வுக்காக டிசம்பரில் ஓட்டல் பதிந்து வைக்காதீர்கள். இப்போது பெரும்பாலும் இணையவழியிலேயே நடத்துகிறார்கள். கல்லூரியிடமிருந்து தகவல் வந்த பிறகு முடிவு செய்யலாம்.

51. ஊர் பார்ப்பதை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மற்ற பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரிவரை அவகாசம் உண்டு. கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் 15, மாலை ஆறு மணி.